சமையலறை அலமாரி வாங்கப் போறீங்களா? மூக்கையும் கூட்டிட்டுப் போங்க!

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் போதும், முதலில் வருவது நிறச் சண்டைதான். 'கீழே சிவப்பு, மேலே வெள்ளை' என்பார் ஒருவர். 'எல்லாமே மர நிறம்' என்பார் இன்னொருவர். மாடுலர் கிச்சன் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அழகாகப் படம் போட்டுக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு தொகை சொல்வார். அதைக் கேட்டதும், 'ஏங்க, நாமே சாமான் வாங்கிக் கொடுத்து, ஆசாரியை வச்சு செஞ்சுக்கலாமே!' என்ற யோசனை பிறக்கும்.

நல்ல யோசனைதான். காசு மிச்சமாவது ஒரு பக்கம். பளபளப்பான மேல்தாளுக்கு உள்ளே என்ன பலகை போகிறது என்பதை நம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய லாபம். ஏனென்றால், அந்த உள்பலகைதான் நம் வீட்டுக் காற்றைத் தீர்மானிக்கிறது.

கண் எரிச்சல் எங்கிருந்து வருது?

புது அலமாரிக் கதவைத் திறந்ததும் 'குப்'பென்று ஒரு நெடி வரும். 'புதுசு வாசனை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாமே மரத்தாளையோ, மரத்தூளையோ பசை போட்டு அழுத்திச் செய்தவை. விலை மலிவான பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். அதிலிருந்து இந்த வாயு மெல்ல மெல்லக் கசியும். புதிதாக இருக்கும்போது அதிகம்; நாளாக ஆகக் குறையும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். நம்ம ஊர் சமையலறையில் இந்த இரண்டுக்கும் பஞ்சமா என்ன?

கண் எரிச்சல், மூக்கில் நீர், தொண்டைக் கரகரப்பு, தலைவலி எல்லாம் இதனால் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடலாம். தொழிற்சாலைகளில் நீண்ட காலம் அதிக அளவில் சுவாசித்தவர்களிடம் கண்ட பாதிப்புகளை வைத்து, இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது. வீட்டுக்குள் இதன் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டல்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2005-ல் கத்ரீனா புயலில் வீடு இழந்தவர்களுக்கு அரசு ட்ரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. குடியேறியவர்கள் கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், மூச்சுத் திணறல் என்று புகார் சொன்னார்கள். 519 ட்ரெய்லர்களைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு ஃபார்மால்டிஹைடு! அதன் பிறகு, 2010-ல், பலகைகளிலிருந்து கசியும் அளவுக்கு வரம்பு கட்டி அங்கே சட்டமே வந்தது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். பார்த்து வாங்கினால் போதும்.

முதல்ல அளவு, அப்புறம் கடை

நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு. மேடைக்குக் கீழே கடப்பா கல்லிலோ, செங்கல்லிலோ தடுப்புகள் ஏற்கெனவே இருக்கும். சுவரில் ஃபெரோ சிமெண்ட் தட்டுகளும் இருக்கும். அப்படியிருக்க, அதற்குள் பலகையால் இன்னொரு பெட்டி எதற்கு? முன்பக்கம் சட்டம் வைத்துக் கதவு மட்டும் போட்டால் போதுமே! பலகை குறைந்தால் செலவும் குறையும், நெடியும் குறையும், கரையானுக்குத் தீனியும் குறையும்.

ஒரு கணக்கு பாருங்கள். 9 அடி மேடைக்குக் கீழே 3 அடிக்கு ஒன்றாக 3 அறைகள். ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கதவு. ஒரு கதவு 18 அங்குல அகலம், 27 அங்குல உயரம் என்றால் மொத்தம் 6 கதவுகள். 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டில் அகலவாக்கில் 2, நீளவாக்கில் 3 என்று 6 கதவுகளும் ஒரே ஷீட்டில் வந்துவிடும். 12 அங்குல அகலத்தில் 8 அடி நீளத்துக்கு ஒரு துண்டு மிச்சமும் இருக்கும். அது மேலே ஒரு தட்டுக்கு ஆச்சு. இப்படித் தாளில் வரைந்து கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், 'நாலு ஷீட் ஆகும்மா' என்று யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

எந்தப் பலகை வாங்கலாம்?

பிளைவுட்: பொது உபயோகத்துக்கான பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று தர எண்கள் உண்டு. மரைன் என்பது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற தரம். இதில் பயன்படும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தண்ணீருக்கும் அசையாது, வாயுவையும் மிகக் குறைவாகவே விடும். தொட்டிக்குக் கீழே, மேடைக்குக் கீழே இதுதான் சரி.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு: விலை குறைவு, மேற்பரப்பு வழவழப்பு. ஆனால் சாதாரண ரகங்கள் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். பார்ட்டிகிள் போர்டில் திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி சரியாகப் பிடிக்காது. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு வேண்டாம்.

பி.வி.சி., டபிள்யு.பி.சி. பலகை: தண்ணீருக்கும் கரையானுக்கும் கவலை இல்லை. ஃபார்மால்டிஹைடு பசையும் இல்லை. ஆனால் சூடு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வளைந்துவிடலாம்.

அலுமினியம்: நெடியும் இல்லை, கரையானும் இல்லை, துடைப்பதும் சுலபம். வீட்டில் இழுப்பு உள்ள குழந்தை இருந்தால் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. 'மரைன்தாங்க' என்று வாயால் சொன்னால் போதாது. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை, 710 என்ற எண், உரிம எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும்.

2. 'எமிஷன் கிரேடு என்ன?' என்று கேளுங்கள். ஈ-1 என்பது ஐரோப்பிய அளவுகோல். சோதனை அறைக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது. அதைவிடக் குறைவு என்று ஈ-0 என்ற பெயரிலும் விற்கிறார்கள். வாயால் சொல்வது போதாது. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. ஷீட்டின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை, இடைவெளி இருக்கக் கூடாது. விரலால் தட்டிக்கொண்டே போனால் ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும்.

4. கடைசியாக மூக்கு. அருகில் போய் முகர்ந்து பாருங்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி அடித்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அதற்காக, நெடி இல்லாத பலகை எல்லாம் நல்லது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சீட்டும் முத்திரையும் அவசியம்.

ஆசாரியே பலகை வாங்கி வந்தாலும், 'மைக்கா ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டுங்கண்ணே' என்று சொல்லிவையுங்கள். ஒட்டிய பிறகு முத்திரை தெரியாது!

பழைய தேக்கா? பெயிண்டைக் கவனிங்க

இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல்களை வாங்கி இழைத்து அலமாரி செய்வது சிக்கனமான வழி. நன்கு காய்ந்த மரம். பசை வாயுத் தொல்லையும் இல்லை. ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016-ல்தான் வந்தது. அந்தப் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பெயிண்ட் அடிக்காத, பாலிஷ் மட்டும் போட்ட மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

எவர்சில்வர் கூடைகளுக்கும் ஒரு வார்த்தை. 304 ரகம் எளிதில் துருப்பிடிக்காது. 202 அந்த அளவு தாங்காது. காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. ரகத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இடுப்புக்கும் ஒரு அளவு

தினமும் சமைப்பவர் யாரோ, அவர் உயரத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். நேராக நின்று முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு பிழைக்கும். அரிசி டப்பா, கிரைண்டர், குக்கர் போன்ற கனமான சாமான்கள் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையே இருக்கட்டும். ஸ்டூல் போட்டு ஏறும் உயரத்தில் தினசரிச் சாமான் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான்.

கேஸ் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் அடைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அந்த அறைக்கு மட்டும் கதவே வேண்டாம். அழகுக்காகப் போட்டே ஆக வேண்டும் என்றால், தரையை ஒட்டித் தாராளமாகத் திறப்பு விட்ட கதவாக இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது

பலகையைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்குங்கள். வீட்டில்தான் அறுக்க வேண்டுமென்றால் மொட்டை மாடியில். மரத்தூளும் நுரையீரலுக்கு எதிரிதான். அறுப்பவருக்கு என்-95 முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

மைக்கா ஒட்ட வெள்ளைப் பசை போதும். ரப்பர் பசையில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

பலகையின் அறுத்த ஓரங்களில்தான் வாயு அதிகம் கசியும். எனவே கண்ணுக்குத் தெரியாத ஓரம், பின்பக்கம், கீலுக்குப் போட்ட ஓட்டை வரை எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். மூடிய இடத்தில் தண்ணீரும் ஏறாது, கரப்பானும் குடியேறாது. முடிந்த கதவுகளை மாட்டும் முன் சில நாட்கள் காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள். மாட்டிய பிறகும் சில வாரங்கள் ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேலை செய்யட்டும்.

அதற்குப் பிறகும் வீட்டில் யாருக்காவது கண் எரிச்சலோ இழுப்போ இருந்து, வெளியூர் போனால் சரியாகி, வீடு திரும்பியதும் மறுபடி வந்தால் டாக்டரிடம் போங்கள். 'புதுசா அலமாரி போட்டோம் டாக்டர்' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அது முக்கியமான தகவல்.

நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போன பலகையோடு பல வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். பார்த்து, கேட்டு, முகர்ந்து வாங்குங்க!