எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? ஏ.டி. டயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தார், ஜிம்னி, ஸ்கார்ப்பியோ, வி-கிராஸ், ஹைலக்ஸ் என எந்த வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஆல் டெரெய்ன் (ஏ.டி.) டயர் பற்றி ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். மழையில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கிறது என்பார் ஒருவர். மைலேஜ் போச்சு என்பார் இன்னொருவர். இனி எந்தச் சேற்றிலும் இறக்கலாம் என்பார் மூன்றாமவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை, உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். காரணம் சொல்லும் இடத்தில்தான் பிசகு நேர்கிறது. டயர் மாற்றும் நாளில் டயரின் ரகம் மட்டும் மாறுவதில்லை. தேய்ந்தது போய்ப் புதியது வருகிறது. பல நேரம் அளவும் கூடுகிறது. காற்றழுத்தம் மாறுகிறது, கையோடு அலைன்மெண்டும் பேலன்ஸிங்கும் செய்துகொள்கிறோம். இத்தனை மாற்றங்களின் பலனையும் பழியையும் ஏ.டி. என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

தார்ச்சாலைக்கென்றே செய்த ஹெச்.டி. டயர் ஒரு முனை, சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயர் மறுமுனை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி. டயர். பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976-இல் இந்த வகையில் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் உயர் ரகங்களில் 255/65 ஆர் 18 அளவில் ஏ.டி. டயர் கம்பெனியிலிருந்தே வந்தது. புது ஹெச்.டி. டயரில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டை) ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும் என்றால், ஏ.டி. டயரில் 10 முதல் 13 மி.மீ. வரை இருக்கும். அந்தக் கூடுதல் ஆழம் மண்ணில் தரும் உதவிக்கு ஈடாகத் தார்ச்சாலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

“மழையில் ஏ.டி. டயர்தான் பாதுகாப்பு”

பாதி உண்மை. சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஆழமான பள்ளங்கள் நிறைய நீரை வாங்கி வெளியே தள்ளும். அந்த இடத்தில் புது ஏ.டி. டயர் நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனால் நாம் மழைநாளில் ஓட்டுவது பெரும்பாலும் தேங்கிய நீரில் இல்லை. தூறலில் நனைந்து, தூசியும் எண்ணெய்ப் பசையும் கரைந்து வழுக்கும் தாரில்தான் ஓட்டுகிறோம். அங்கே பிரேக் மிதித்தால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை ரப்பர் கலவையும், பட்டன்மேல் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகளும், சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பும் தீர்மானிக்கின்றன. பள்ளம் கூடினால் தொடும் ரப்பர் குறையும். கூரான கல்லில் பட்டன் பிய்ந்துவிடாதபடி கலவையைக் கெட்டியாக்கினால் ஈரப்பிடி குறையும். உயரமான பட்டன்கள் பிரேக்கின் இழுப்பில் வளைந்தும் கொடுக்கும். அதனால் ஒரே அளவில், இரண்டும் புதிதாக இருந்தால், நல்ல ஹெச்.டி. டயர்தான் ஈரத் தாரில் பெரும்பாலும் முன்னதாக நிற்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் இறங்கும் ஒருவருக்கு இது முக்கியமான வித்தியாசம்.

அப்படியானால் அவ்வளவு பேர் உணர்ந்த அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? அவர்கள் கழற்றிப் போட்ட டயரைப் பாருங்கள். 2 மி.மீ. பட்டன்கூட மிஞ்சாத மொட்டை டயர் அது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; ஈரச்சாலைப் பிடியோ அதற்கு வெகு முன்பே சரியத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் எந்தப் புது டயரைப் போட்டிருந்தாலும் இதே நிம்மதி வந்திருக்கும்.

மழை விஷயத்தில் ரகத்தை விடக் காற்று பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். விமான டயர்கள் ஈர ஓடுதளத்தில் நீர்மேல் மிதப்பதைப் பற்றி 1960-களில் நாசா ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்குத் தந்தார்கள். பட்டனை மீறிய ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. அந்தக் கணக்கில் 36 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 100 கி.மீ.; 25 பி.எஸ்.ஐ.க்கு 83 கி.மீ. கார் டயரில் எண்கள் முன்பின் இருக்கலாம், போக்கு அதேதான். வார இறுதியில் மண்ணில் ஓட்டக் காற்றை இறக்கிவிட்டு, அப்படியே நான்குவழிச் சாலையில் மழையோடு ஊர் திரும்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

“மைலேஜ் கன்னாபின்னாவென்று குறைந்துவிடும்”

குறையும். ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்குக் குறைவதில்லை. இந்தப் புகாரில் பாதி, எண்ணுவதில் வரும் பிழை.

ஜிம்னிக்குக் கம்பெனி தந்த டயர் 195/80 ஆர் 15. அதன் விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. ஆகிறது. கிட்டத்தட்ட 5.8 சதவீதம் கூடுதல். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே வண்டிக்குத் தெரியும்; ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரம் போனது தெரியாது. நீங்கள் 106 கி.மீ. ஓட்டியிருந்தால் ஓடோமீட்டர் 100 என்று எழுதும். முன்பு லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி, ஒரு சொட்டுகூடக் கூடுதலாகக் குடிக்காமலேயே 14.2 கி.மீ. என்று காட்டும். ஒரு ரூபாய்கூட நஷ்டமாகாத நிலையில் டயரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

உண்மையான இழப்பு இதற்கு மேல் வருவது. ஏ.டி. டயரின் எடை சில கிலோ கூடுதல். ஆழமான பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடாகின்றன. அந்தச் சூடு நீங்கள் வாங்கிய டீசல்தான். அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியத்தின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை, டயரின் உருளும் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் கணக்கு 1 முதல் 2 சதவீதம் மாறும் என்கிறது. ஏ.டி. டயரின் தடை 30 சதவீதமே கூடினாலும் கணக்கு 3 முதல் 6 சதவீதத்துக்குள் நிற்கும். அளவை மாற்றாமல் போட்டுக்கொண்டவர்கள் “பெரிசா ஒண்ணும் தெரியலை” என்று சொல்வது இதனால்தான்.

அளவு கூடினால் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முள் 80-இல் நிற்க, வண்டி 84, 85-இல் போய்க்கொண்டிருக்கலாம். கம்பெனிகள் ஸ்பீடோமீட்டரைச் சற்றே கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கின்றன. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. மைலேஜ் பார்க்க நினைப்பவர்கள் ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தை வைத்து, டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடட்டும். அதுவரை வரும் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

“ஏ.டி. இருந்தால் எந்தச் சேற்றிலும் இறக்கலாம்”

இந்த நம்பிக்கைதான் வண்டிகளை டிராக்டர் கட்டி இழுக்க வைக்கிறது. மண் என்பது ஒரே பொருள் அல்ல. சரளைச் சாலை, செம்மண் பாதை, கல் நிறைந்த எஸ்டேட் தடம், ஈரப் புல்வெளி ஆகியவை ஏ.டி. டயரின் சொந்த ஊர். அங்கே பட்டன் விளிம்புகள் கடித்துப் பிடிக்கின்றன, கெட்டியான கலவை கல்லில் கிழிபடாமல் நிற்கிறது. அதைப் போட்டவர்கள் பெருமையாகப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த நிலங்களைப் பற்றியவை. அந்தப் பெருமை நியாயமானது.

அதே வண்டியை ஐப்பசி மழையில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இறக்கினால் கதை வேறு. கரிசல் ஈரம் பட்டால் உப்பி ஒட்டும் களிமண். சில சுற்றுகளிலேயே பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு, டயர் முழுக்க மண் பூசிய உருளையாகிவிடும். அப்போது அதன் மேல் எழுதியிருக்கும் பெயர் என்னவானாலும் அது மொட்டை டயர்தான். எம்.டி. டயரில் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருப்பதன் நோக்கமே சுற்றும் வேகத்தில் அந்தச் சேற்றை உதறி எறிவது. ஏ.டி. டயரின் பள்ளங்கள் அதற்குப் போதாது. ஆழக் கரிசலில் எம்.டி. டயரும் வயிறு தட்டும்வரைதான் போகும். அந்த ஊர் விவசாயிகள் மழை விட்டு மேல்மண் காயும்வரை வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துபோவதில் தலைமுறை அறிவு இருக்கிறது.

மணலில் இந்தக் கணக்கு நேர் எதிராகத் திரும்பும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் போன்ற தளர்ந்த மணலில் முரட்டுப் பட்டன் தோண்டத்தான் செய்யும். வண்டி நின்ற இடத்திலேயே புதையும். அங்கே உதவுவது காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது. காற்று இறங்கும்போது டயரின் தடம் அகலத்தை விட நீளத்தில்தான் அதிகம் விரியும். எடை பரவி, வண்டி மணல்மேல் நிற்கும். சரியாகக் காற்று இறக்கிய ஹெச்.டி. டயர், காற்று இறக்காத ஏ.டி. டயரை மணலில் எளிதாகத் தாண்டிவிடும். காற்று இறக்கிய டயரில் வேகமும் கூடாது, சடாரென்று திருப்பவும் கூடாது. ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். டேஷ்போர்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம்.

“10 பிளை டயர், பஞ்சரே ஆகாது”

பருத்தி இழை காலத்து அளவுகோல் இன்னும் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய ரேடியலில் 10 பிளை என்றால் 10 அடுக்கு இல்லை. அத்தனை அடுக்குப் பருத்தி டயர் தாங்கிய சுமையைத் தாங்கும் என்பதே பொருள். பக்கச்சுவரில் இருப்பது இரண்டோ மூன்றோ பாலியஸ்டர் அடுக்குகள். பல டயர்களில் அந்த எண்ணிக்கையைச் சுவரிலேயே பொறித்திருப்பார்கள். கடையில் வாங்குமுன் குனிந்து படிக்கலாம். ஆணி குத்துவதை ஆழமான பட்டன் கொஞ்சம் தடுக்கும். சுவரில் விழும் வெட்டை அது தடுக்காது. பஞ்சர் கடையில் ஒட்டித் தர முடியாததும் அந்த வெட்டுதான்.

பிக்கப் ஓட்டுநர்களுக்கு இதில் வேறொரு பாடம் உண்டு. தக்காளியோ சிமெண்டோ ஏற்றும் வண்டிக்குப் பட்டனின் முரட்டுத் தோற்றத்தை விட, அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண் முக்கியம். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. அழகுக்காக எண் குறைந்த ஏ.டி. டயரை ஏற்றி, மேலே முழு லோடும் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. அந்தச் சுமையையும் சுவரில் பொறித்த உச்சக் காற்றழுத்தத்தில்தான் தாங்கும். ஆனால் வெறும் வண்டிக்கும் அதே எண்ணை அடிக்கச் சொல்லி நிற்பவர்கள் உண்டு. அது மீறக்கூடாத எல்லை. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. ‘எல்.டி.’ (லைட் டிரக்) எனத் தொடங்கும் டயர்களுக்கு மட்டும், அதே சுமைக்கு ஸ்டிக்கர் சொல்வதை விடக் கூடுதல் காற்று தேவைப்படும். அதை டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சத்தம் பற்றிய புகார் உண்மைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டன்களின் அளவை வரிசையில் மாற்றி மாற்றி அமைத்து, ஒரே சுருதியில் ரீங்காரம் எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்; அதனால் புதிதில் தொந்தரவு குறைவு. 8,000, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றாமல் விட்டால் பட்டன்கள் ஒருபுறமாகத் தேய்ந்து, பிறகு வரும் ஓசை காதைத் துளைக்கும். வளைவில் திரும்பும்போது ஓசை கூடிக் குறைந்தால் டயரை விட்டுவிட்டு வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் மட்டும் இரண்டு ஏ.டி. போட்டால் போதும் என்பது பணத்தை மிச்சப்படுத்தும் யோசனை. பிரேக்கின் பெரும்பங்கையும் திருப்பலையும் சுமப்பது முன்சக்கரங்கள். ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் சுற்றளவு வேறாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைத் தாங்கியே தேய்ந்துபோகும். மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

லடாக், மணாலி என்று கிளம்பும் நம்மூர் வண்டிக்காரர்களுக்காக இது. ஏ.டி. டயரின் சுவரில் ‘எம்+எஸ்’ என்றிருக்கும். சேறும் பனியும் என்று படித்துவிட்டு, பனிக்குத் தயார் என்று நம்பிப் போகிறார்கள். அந்த முத்திரை பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தருவது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அத்தாட்சி அல்ல. சோதித்ததற்கான அடையாளம் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்தச் சின்னம் உள்ளதையே பனிக்கால டயராக ஏற்கிறார்கள். கண்ணாடிபோல் உறைந்த சாலையில் அந்தச் சின்னமும் போதாது. சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டும்.

“பட்டன் அப்படியே இருக்கு, டயர் புதுசு மாதிரி”

செகண்ட்ஹேண்ட் தாரோ எண்டெவரோ வாங்கப் போகும்போது அடிக்கடி கேட்கும் வாசகம். ஆழமான பட்டன் என்பதால் குறைவாக ஓடிய வண்டியில் ஏழெட்டு வருடம் கழித்தும் பட்டன் கம்பீரமாக நிற்கும். ரப்பரின் வயது பட்டனில் தெரியாது. வெயிலில் நின்றே இறுகி, சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும். அந்த டயர் ஈரத்தில் பிடிக்காது, கோடைத் தார்ச்சாலையின் சூட்டில் வெடிக்கவும் கூடும். சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2417 என்றால் 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் செய்தது. ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்ல வேண்டும். பத்து வருடமானால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் போன்ற நிறுவனங்களின் பரிந்துரை. விலை பேசுமுன் நான்கு டயரோடு பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் இலக்கத்தையும் படித்துவிடுங்கள். பெரும்பாலும் மற்ற நான்கையும் விட மூத்தது அதுதான்.