தசையிறுக்கத்தை அளத்தல்

மூளையிலோ தண்டுவடத்திலோ ஊறு நேர்ந்தால் கைகால்கள் தளர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஆயின், அவை விறைத்து நிற்பதும் உண்டு. பக்கவாதம் கண்டவரின் கை, மார்பை ஒட்டி மடங்கிக் கிடக்கும். மூளை ஊறுற்ற குழந்தை, குதிகாலை ஊன்ற மாட்டாமல் விரல் நுனியால் நடக்கும். இதனைத் தசையிறுக்கம் என்பர்.

தசையொன்று சட்டென இழுக்கப்படின், அச்செய்தி தண்டுவடத்தை அடைகிறது. மூளையைக் கேளாமலே, சுருங்குமாறு ஆணை திரும்புகிறது. முழங்காற் சில்லின் கீழ்த் தட்டியதும் கால் எழுவது இவ்வனிச்சைச் செயலாலேயாம். மூளையினின்று இறங்கும் நரம்புகள் இதனை அளவோடு அடக்கி வைக்கின்றன. அவை ஊறுபடின், அடக்குவாரின்றி இச்செயல் மிகுகிறது. இழுப்பு விரைவாக விரைவாகத் தசையின் எதிர்ப்பும் வலுக்கிறது. 1980இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ், இவ்விரைவையே தசையிறுக்கத்தின் இலக்கணத்தில் முதன்மையாக வைத்தார்.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. தசையிறுக்கத்திற்கோ மருத்துவரின் கையே நெடுங்காலம் கருவியாயிற்று. 1964இல் ஆஷ்வொர்த் என்பவர், மருந்தொன்றின் பயனை அறியும்பொருட்டு, 0 முதல் 4 வரை ஐந்து படிகளை வகுத்தார். இறுக்கம் சிறிதுமின்றேல் 0. உறுப்பு அசையாது விறைத்திருப்பின் 4. 1987இல் போஹனன், ஸ்மித் என்னும் இருவர் 1க்கும் 2க்கும் இடையே மேலும் ஒரு படியைச் சேர்த்தனர். கருவி எதுவும் வேண்டாத எளிமையால் இம்முறை எங்கும் பரவிற்று. எனினும், ஒருவர் 1 என்பதனை மற்றொருவர் 2 எனக் கூறக்கூடும்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நெடுநாள் மடங்கிக் கிடந்த தசை தானே குறுகிவிடும். குறுகிய தசையும் நீட்டுவாரை எதிர்க்கும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவமோ வேறு வேறு. மிகையாகச் சுருங்கும் தசையைப் போட்டுலினம் நச்சூசி தளர்த்தும். குறுகிய தசைக்கு அவ்வூசி பயன்படாது. மாவுக்கட்டிட்டு நீட்டலோ அறுவையோ வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழி கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் தார்தியூ. உறுப்பை முதலில் மிக மெல்ல நீட்டுதல் வேண்டும். பின்பு விரைந்து நீட்டுதல் வேண்டும். முழங்கை மெல்ல நீட்டுங்கால் 160 பாகைவரை விரிந்து, விரைந்து நீட்டுங்கால் 100 பாகையில் தடைப்படுகிறது எனக் கொள்வோம். இடையேயுள்ள 60 பாகை, அனிச்சைச் செயலின் மிகுதியைக் காட்டும். மெல்ல நீட்டியபோதும் 105 பாகையே விரியுமாயின், பெரும்பான்மையும் தசை குறுகியதே காரணமாம்.

தோலின்மேல் மின்வாய்களை ஒட்டித் தசையின் மின்னோட்டத்தைப் பதியும் முறையும் உண்டு. எதிர்ப்பிருந்தும் மின்னோட்டம் எழவில்லையெனில், அவ்வெதிர்ப்பு அனிச்சைச் செயலால் வந்ததன்று. வார்ட்டன்பர்க் 1951இல் விளக்கிய ஊசல் முறை இன்னும் எளிது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவரின் காலை நேராக உயர்த்தி விட்டுவிட்டால், அது ஊசல்போற் பன்முறை ஆடி ஓயும். இறுகிய காலோ முதல் வீச்சிலேயே தடைப்பட்டு, விரைவில் நின்றுவிடும். அக்கோணங்களை இன்று கருவிகள் பதிகின்றன.

தசையிறுக்கம் நாள் முழுதும் ஒரே அளவினதன்று. குளிர், வலி, அச்சம், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவற்றால் அது மிகும். ஆதலின், நோயாளர் இருந்த நிலையையும் வேளையையும் அளவோடு சேர்த்துக் குறிப்பர். அவரை எழுப்பி நடக்கவும் செய்வர்; வலுவிழந்த கால்கள் சிலருக்கு அவ்விறுக்கத்தின் துணையாலேயே உடலைத் தாங்குகின்றன. அதனை முற்றும் நீக்கினால் அவர் நிற்கமாட்டார்.