ஈதர் என்னும் சொல்லும் தர்ம திரவியமும்

நம் சமய வகுப்புகளில் ஆறு திரவியங்களைக் கற்பிக்கும்போது, தர்ம திரவியமே விஞ்ஞானிகள் கூறும் ஈதர் என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. ஜி. ஆர். ஜெயின் 1942இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் இவ்வொப்புமையைக் காணலாம். ஆயின் இயற்பியலில் ஈதர் வழக்கொழிந்த சொல். அதன் வரலாற்றை அறிந்தபின் பாடம் நடத்துவதே நமக்கு முறையாகும்.

ஈதர் கிரேக்கச் சொல். எரிதல், ஒளிர்தல் என்னும் வினையினின்று பிறந்தது. விறகைக் குறிக்கும் இந்தனம் என்னும் வடசொல்லும் அவ்வேரின் உறவே. முதலில் அது ஒளிமிக்க மேல்வானைக் குறித்தது. பின்னர் நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கிற்கும் அப்பால், விண்பொருள்களுக்கு உரியதென அரிஸ்டாட்டில் கொண்ட மாறாப் பொருளுக்கு அப்பெயர் நிலைத்தது. அறுவை மருத்துவத்தில் மயக்கம் தரப் பயன்பட்ட ஈதர் என்னும் திரவம் வேறு. மாணாக்கர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

நமக்கு வேண்டியது மூன்றாவது பொருள். ஒலி பரவக் காற்று வேண்டும். ஒளியும் அலையெனின் அதனைத் தாங்க ஒரு பொருள் வேண்டாமா? 1690இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் இதற்கு ஈதரைக் கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் இக்கொள்கை வேரூன்றியது. ஒளி குறுக்கலையாதலால், அத்துணை வேகத்தில் அதனைச் செலுத்த ஈதர் எஃகினும் விறைப்பாக இருத்தல் வேண்டும். கோள்கள் தடையின்றிச் செல்லக் காற்றினும் நொய்தாக இருத்தல் வேண்டும்! இம்முரண்பாட்டை அறிந்தும் அறிஞர் அதனைக் கைவிடவில்லை.

பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அவ்வாறெனின் ஈதர் நம்மீது காற்றுப்போல் வீச வேண்டுமன்றோ? 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சனும் மார்லியும் பாதரசத்தில் மிதக்கவிட்ட கற்பலகைமேல் கருவி அமைத்து, ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் செலுத்திப் பார்த்தனர். எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதர் தேவையற்றது என எழுதினார். (கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் என்னும் பெயரில் 1973இல் அச்சொல் மீண்டும் தலைகாட்டியது.)

இனித் தர்ம திரவியம். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்தும் மீனுக்குத் துணையாகிறது. அவ்வாறே தர்மம் தானும் இயங்காது, பிறவற்றை இயக்கவும் செய்யாது; உயிரும் புற்கலமும் இயங்குங்கால் உதவுவது; உருவமற்றது. ஈதரோ அதிர்ந்து அலையைச் சுமப்பதாகக் கருதப்பட்ட பொருள்; கருவிக்கு அகப்பட வேண்டியது. ஆகவே ஈதர் உண்மையாயினும் அது தர்ம திரவியமாகாது. ஈதர் பொய்த்ததால் தர்ம திரவியத்துக்கு இழுக்குமில்லை. பழைய பாடக்குறிப்புகளில் ஈதர் என்றுள்ள வரியை அடித்துவிட்டு மீன் உவமையை மட்டும் வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.