காவல்காரனுக்கும் நஞ்சில்லாத் தீனி

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் எங்க மணிதான். மீந்த வெங்காயக் குழம்புச் சோற்றையே தினமும் போட்டு வந்தேன். ஒருநாள் எழவே முடியாமல் படுத்துவிட்டான். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. "வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சிரும்ங்க" என்றார் கால்நடை மருத்துவர். பயிருக்கு நஞ்சு வேண்டாம் என்று பேசுகிற நானே, காவல்காரனுக்கு நஞ்சு வைத்திருக்கிறேன்! நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். இப்போது குழம்பு ஊற்றாத சோறுதான். கூடவே இந்தத் தின்பண்டமும்.

தேவையானவை: கேழ்வரகு மாவு 2 டம்ளர், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 1 டம்ளர், நாட்டுக்கோழி முட்டை 1.

செய்முறை: மூன்றையும் கெட்டியாகப் பிசையவும். தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர் தெளிக்கவும். அடை கனத்துக்குத் தட்டி, துண்டு போட்டு, தோசைக்கல்லில் சிறுதீயில் மூடிவைத்து இருபுறமும் வேகவிடவும். ஆறியதும் கொடுக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பூசணம் பிடித்தால் உரக்குழிக்குப் போகட்டும்.

கவனிக்க: உப்பு, வெல்லம் சேர்க்க வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு அறவே கூடாது. தின்பண்டம் அன்றாடத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மணி இப்போ ராத்திரியெல்லாம் வரப்பைச் சுத்தி வர்றான். அவன் குரல் கேட்டால்தான் எனக்குத் தூக்கம்.