சாய்ந்து கிடக்கும் சைக்கிளை மறுபடி எடுக்கிறீர்களா? 14 பயனுள்ள குறிப்புகள்

திண்டிவனம் – மரக்காணம் சாலையில், எங்கள் பிரம்மதேசம் பக்கம் பல வீட்டுத் தோட்டங்களில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அதன் கேரியரில் கோழி அடையத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் கோழியை விரட்டிவிட்டு அந்த வண்டியை எடுத்தபோது, நான் சைக்கிள் மிதித்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. ஓட்டும் பழக்கம் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. சிக்கலே அதில்தான். காலுக்கு ஞாபகமிருப்பது இளவயது வேகம். முழங்காலுக்கோ நாற்பத்தைந்து வயது. நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் நாள் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் கட்டை கல்லாக இறுகி, பிடித்தாலும் வழுக்கும். டயர் ஓரத்தில் வெடிப்பு இருக்கும். கடையில் ‘ஓவராயில்’ செய்யச் சொல்லுங்கள். பால்ரஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைப்பார்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இது கட்டாயம். வெளியே துடைத்துவிடலாம், சக்கரத்தின் நடுவே புகுந்த சேறு தானாக வராது.

2. காற்று அடித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் இறங்கியிருந்தால் உடனே டியூபை மாற்றிவிட வேண்டாம். மவுத் முனையில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் பழுது வால்டியூபில்தான். நின்ற வண்டியில் முதலில் இற்றுப்போவது அந்தச் சின்ன ரப்பர்தான். மாற்றச் சில ரூபாய் போதும்.

3. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாளில் பிசுக்காகி மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். உப்பளத்துக் காற்று படும் ஊர்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

4. ஹேண்டில் பாரிலும் ரிம்மிலும் துரு இருந்தால், எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். ஹேண்டில் பாரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்கலாம். ரிம்மில் எண்ணெய் கூடவே கூடாது, பிரேக் பிடிக்காது.

5. சீட்டின் உயரம்தான் முழங்காலைக் காப்பாற்றும். என் சீட்டைப் பார்த்ததுமே கடைக்காரத் தம்பி, “இவ்ளோ கீழ உக்காந்து மிதிச்சா முட்டி போயிடும்க்கா” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். அப்படியானால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பயமாக இருக்கிறதென்று சிலர் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கிவிடுவார்கள். முட்டியின் முன்பக்க வலி அங்கேதான் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் இறக்கி வைத்துத் தைரியம் வந்ததும் ஏற்றிவிடுங்கள்.

6. முதல் இரண்டு வாரம் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முதல் 20 நிமிடம். முதல் நாள் நான் உற்சாகத்தில் மரக்காணம் சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தேன். திரும்ப வேண்டுமே என்ற நினைப்பு வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. அடுத்த நான்கு நாள் படியில் பக்கவாட்டில்தான் இறங்கினேன். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். மூட்டைச் சுற்றிய தசைநார்களுக்கு அதைவிட அதிக நாளாகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் முட்டி மாட்டிக்கொள்கிறது.

7. வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் நேற்று வைத்த குழம்பைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

8. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்தெடுங்கள். ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அந்த மாதத்தில் முதலில் மேற்கே திண்டிவனம் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் களைத்த காலைக் காற்றே தள்ளிவிடும். கோடையில் வெயில் ஏறியபின் கடல்காற்று கிழக்கேயிருந்து வரும். அப்போது கணக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

9. அறுவடைக் காலத்தில் சாலையில் கேழ்வரகுத் தாளும் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். சக்கரம் வழுக்கும், கொடி செயினில் சுற்றும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. இருட்டு பிரியும் நேரம் என்றால் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். பின் மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உப்பு லாரி வரும் சாலை இது.

10. புடவை என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தின் கீழ்நுனியை ஓர் ஊக்கு போட்டுப் பிடியுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள். பேண்ட் என்றால் வலது கால் விளிம்பில் ஒரு ரப்பர் பேண்ட். செயின் கார்டு ஆடினால் அதை முதலில் இறுக்குங்கள்.

11. கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். சிற்றுண்டிக்கு அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. நம் ஊருக்கு அதில் சொந்தமும் உண்டு: திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ‘டி.எம்.வி.’ கடலை ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓட்டக் கூடாது. ஒரு துண்டு வெல்லமோ மிட்டாயோ பையில் இருக்கட்டும்.

12. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கனத்து வலித்தால் பயமில்லை. மூன்று நான்கு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவதும் வீங்குவதும் வேறு. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே இறங்கி 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

13. ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி விட்டுப்போகும். நார்வே, பின்லாந்து பக்கம் பனியில் நெடுந்தூரம் சறுக்கி ஓடும் ஸ்கீ வீரர்களுக்கும் இதே தொல்லை, வேறு மாதத்தில். பனி உருகியதும் அவர்கள் சக்கரம் வைத்த ஸ்கீயில் தார்ச்சாலையில் ஓடிப் பழகுவார்கள், சைக்கிளும் மிதிப்பார்கள். நாம் மழைநாளில் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துமுறை உட்கார்ந்து எழுந்து, மாடிப்படியை நான்குமுறை ஏறி இறங்கினாலே போதும். தை மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

14. எங்கே போவது என்று ஓர் இடத்தை மனதில் வையுங்கள். மூன்று மாதம் பழகியபின் எனக்கு அது மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். போவதற்குள் இன்னொன்று: வண்டியைத் தோட்டத்தில் விடாமல் வாசல் திண்ணையோரம் நிறுத்துங்கள். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டால்தான் கை போகும். கோழிக்கு வேறொரு கூடையைக் கவிழ்த்துக் கொடுத்துவிடுங்கள்.