சப்வூஃபர் பெட்டிக்குக் கழற்றி மாட்டும் முகப்பு

கார் அலங்கார வேலையில் இறங்கும் நம் இளைஞர்களுக்காக இந்த இதழில் ஒரு கைத்தொழில் பாடத்தைப் பார்ப்போம். காரின் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டிக்கு அழகான முகப்புப் பலகை வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஸ்பீக்கரை மாற்றவோ அதன் ஸ்க்ரூவை இறுக்கவோ வேண்டிவரும் என்பதால் முகப்பு கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் சற்றே தளர்ந்தாலும் அது கடகடவென்று அதிரும். வண்டி மறுநாளே திரும்பி வரும். நம் கூலியும் போகும்.

முதலில் ஒன்றை மனதில் வைப்போம். மூடிய சப்வூஃபர் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பீக்கரோடு சேர்ந்து வேலை செய்கிறது. முகப்பை மாட்டுவதற்காகப் பெட்டியை ஊடுருவித் துளையிட்டால் காற்று கசியும், சத்தம் கெடும். ஆகவே நாம் போடும் துளை எதுவும் பெட்டியின் உள்ளே போய்ச் சேரக் கூடாது.

காந்தம், வெல்க்ரோ ஆகியவை துணி போர்த்திய லேசான சட்டத்துக்குப் போதும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம், 12 மி.மீ. தடிமன் உள்ள எம்.டி.எஃப். முகப்பு, 12 அங்குல ஸ்பீக்கருக்கான வட்டத்தை வெட்டிய பிறகும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ இருக்கும். காந்தம் நேராக இழுத்தால் பிடிக்கும், பக்கவாட்டில் எளிதில் வழுக்கும். வெல்க்ரோவின் பசை வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் இளகும். திடீர் பிரேக்கில் அந்தப் பலகை கழன்றால், உள்ளே இருப்பவர் மீதே விழக்கூடும். எனவே கனமான முகப்புக்கு போல்ட்டே நம்பகமானது.

செய்முறை:

1. வேலைக்கு முன் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைக் கழற்றுங்கள். டிரில்லோ ஸ்க்ரூ டிரைவரோ வழுக்கினால் ஸ்பீக்கரின் கூம்பு கிழியும். அதன் மேல் கெட்டி அட்டையை மூடி வையுங்கள்.

2. முகப்பின் வட்டத்தை ஸ்பீக்கரின் வெளிச்சட்டத்தை விடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். பாஸ் ஒலிக்கும்போது கூம்பும் ரப்பர் விளிம்பும் முன்னே வரும். வலை போடுவதானால் ஸ்பீக்கருக்கும் வலைக்கும் இடையே 25 மி.மீ. இடம் விடுங்கள். பெட்டியில் காற்றுக்குழாய் இருந்தால் அதன் வாயை மறைக்காதீர்கள்.

3. ரெக்ஸின் ஒட்டினால் இருபுறமும் தடிமன் கூடும். முகப்பு ஒரு சட்டத்துக்குள் அமர வேண்டுமானால் பக்கத்துக்கு 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள்.

4. ரெக்ஸின் ஒட்டுவதற்கு முன்பே, விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே நான்கு மூலைகளிலும் முகப்பில் துளையிடுங்கள். பெட்டியின் இணைப்பு ஸ்க்ரூக்கள் விளிம்பை ஒட்டியே இருப்பதால் அவற்றில் இடிக்காது. முகப்பைப் பெட்டி மேல் வைத்து, அந்தத் துளைகளின் வழியே குறியிடுங்கள்.

5. பெட்டியின் முன்பலகை 18 மி.மீ. என்றால் 14 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் துளையிடுங்கள். டிரில் பிட்டில் 14 மி.மீ. அளந்து டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. அந்தத் துளையில் 10 மி.மீ. நீளமுள்ள, 5 மி.மீ. போல்ட்டுக்கான பித்தளை இன்சர்ட் நட்டை மரப் பசையோடு இறக்கி, ஒரு நாள் காயவிடுங்கள்.

6. முகப்பின் பின்புறம் ஓரம் முழுவதும் 3 மி.மீ. ஃபோம் டேப் ஒட்டுங்கள். அதிர்வைத் தடுப்பது இதுதான். 25 மி.மீ. நீளமுள்ள போல்ட்டை வாஷரோடு போட்டு, எதிர் மூலைகளாக மாற்றி மாற்றி, ஃபோம் சற்று அமுங்கும் வரை இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் நட்டு பிடுங்கிக்கொண்டு வரும்.

எம்.டி.எஃப். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. வெளியில் வைத்து அறுங்கள், முகக்கவசம் அணியுங்கள், சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

வண்டியை ஒப்படைக்கும் முன் தாழ்ந்த பாஸ் உள்ள பாட்டை மெதுவாகத் தொடங்கி, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே கேளுங்கள். எங்காவது அதிர்ந்தால் முகப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஃபோம் போதவில்லை. நிற்காவிட்டால் முகப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இருந்தால் கோளாறு பெட்டியிலோ ஸ்பீக்கர் ஸ்க்ரூவிலோ இருக்கிறது.

கடைசியாக, உரிமையாளர் முன்னிலையில் ஒரு முறை கழற்றி மாட்டிக் காட்டி, அதற்கான அல்லன் கீயையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தம் பொருளைத் தாமே திறந்து பார்க்க முடியும் என்று தெரிந்தவர் அடுத்த வேலைக்கும் நம்மைத் தேடி வருவார்.