குதிரை ஈனும் வேளையில் நேரும் இடர்கள்

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதத்துக் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் பல ஊர்களிலிருந்தும் குதிரைகள் வருகின்றன. ஆயினும் நாட்டில் அவற்றின் தொகை வேகமாகக் குறைந்து வருகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 இலட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் சுமார் 3.4 இலட்சமாயிற்று. எனவே, எஞ்சியுள்ள ஒவ்வொரு சினைக் குதிரையையும் காப்பது பொருளாதார நோக்கிலும் இன்றியமையாததாகும். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். ஈற்றில் தாயும் குட்டியும் மாண்டால், வண்டியோட்டிப் பிழைக்கும் குடும்பம் ஓராண்டுக் காத்திருப்பின் பயனையும் தன் பிழைப்பையும் ஒருங்கே இழக்கிறது.

பசுவின் ஈற்றைக் கண்டு பழகியோர், குதிரையிடமும் அதே பொறுமையைக் காட்டுவது தவறு. பனிக்குடம் உடைந்தபின் பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் குட்டி வெளிவந்துவிடும். முன்னங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று சற்றே முந்தி வர, அவற்றின்மேல் மூக்கு அமைவதே இயல்பான நிலை. ஒரு கால் மடங்கியிருந்தாலோ, தலை திரும்பியிருந்தாலோ, முயற்சி பலனின்றி நீண்டாலோ, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் வரும்வரை குதிரையை எழுப்பி மெல்ல நடத்தினால் முக்கல் தணியும்.

வெண்ணிறச் சவ்வுக்கு மாறாக, வெல்வெட்டுப் போன்ற செந்நிறப் பை முதலில் தோன்றினால் அது பேராபத்தின் அறிகுறி. நஞ்சு கருப்பையிலிருந்து முன்னதாகவே பிரிந்துவிட்டதால் குட்டிக்கு உயிர்வளி கிட்டுவதில்லை. இங்கு மருத்துவரின் வரவுக்காகக் காத்திராமல் அப்பையைக் கிழித்து, தாய் முக்கும்போது குட்டியை இழுத்து வெளிக்கொணர வேண்டும்.

குட்டி பிறந்ததும் இடர் நீங்கிவிடுவதில்லை. நஞ்சு 3 மணி நேரத்திற்குள் விழாவிடில் மருத்துவ உதவி தேவை. அதைக் கையால் இழுத்தலோ, கனம் கட்டித் தொங்கவிடுதலோ கூடாது. காலில் மிதிபடாதவாறு முடிந்து வைத்தலே போதுமானது. தாமதித்தால் கருப்பையில் சீழ் பிடிக்கும். அதன் நஞ்சு பரவிக் குளம்புகளும் அழற்சியுற்றுக் குதிரை நிலையாக முடமாகலாம். பலமுறை ஈன்ற வயதான குதிரைகளில் கருப்பைத் தமனி வெடித்து உட்புறமாக இரத்தம் பெருகுவதும் உண்டு. மிகுந்த வியர்வை, வயிற்றுவலி, வெளிறிய ஈறு ஆகியன அதன் அடையாளங்கள்.

குதிரையின் நஞ்சு வழியே நோய் எதிர்ப்பாற்றல் குட்டிக்குச் செல்வதில்லை. ஆதலால் பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுவது கட்டாயம்.

குதிரைகள் பெரும்பாலும் இரவிலேயே ஈனுகின்றன. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். எனினும், ஊர்தி வந்து சேருமுன்னரே உயிர் பிரியும் வாய்ப்புண்டு. எனவே, எந்நேரமும் அணுகத்தக்க மருத்துவர் யார் என்பதைச் சினையின் இறுதி மாதத்திலேயே உறுதிசெய்துகொண்டு, இரவுக் காவலுக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். வளர்ப்போர் இவ்வறிகுறிகளை முன்கூட்டியே அறிந்திருப்பதே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் காப்பு.